சைதுன் பீவியின் அளவு நூல்

31-12-1921: சட்டை 212. ரவிக்கை இல்லை.
31-12-1922: சட்டை 240. ரவிக்கை 7.
31-12-1923: சட்டை 263. ரவிக்கை 31.
31-12-1924: சட்டை 251. ரவிக்கை 88.
31-12-1925: சட்டை 270. ரவிக்கை 196.
31-12-1926: சட்டை 244. ரவிக்கை 341.
31-12-1927: சட்டை 230. ரவிக்கை 402.
31-12-1928: சட்டை 238. ரவிக்கை 517.
31-12-1929: சட்டை 219. ரவிக்கை 506.

காரைக்குடியில் தையல் கடை வைத்திருந்த அல்லாபிச்சை, ஆண்டுக் கடைசியில் தன் ஆர்டர் நோட்டுகளில் போட்டு வைத்த கூட்டுத் தொகைகள் இவை. நோட்டுகள் ஒன்பதும், அவற்றோடு கட்டியிருந்த பதினான்கு கடிதங்களும் இப்போது என்னிடம் இருக்கின்றன. அவருடைய கொள்ளுப் பேத்தி பெனாசிர் 2016இல் சிங்கப்பூருக்குக் குடிபோகும்போது கொடுத்துவிட்டுப் போனார்.

சட்டைக் கணக்கு ஒன்பது வருடமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கிறது. ரவிக்கைதான் ஏறியிருக்கிறது. அந்த ஏற்றத்துக்குக் காரணமானவர் அல்லாபிச்சையின் மனைவி சைதுன் பீவி. நோட்டுகளில் ஓரிடத்திலும் அவர் பெயர் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

சைதுன் பீவி 1900இல் பிறந்தார். பதினாறு வயதில் கல்யாணம். 1983இல் காலமானார். எங்கள் வீடு அவர் வீட்டுக்கு மூன்றாவது வீடு. 1968 முதல் 1979 வரை அவர் சொன்னவற்றை அவ்வப்போது தேதி போட்டுக் குறித்து வைத்தேன். பேச்சுகளை அவர் சொன்னபடியே கீழே தருகிறேன்.

முதல் மகாயுத்தம் முடிந்து கப்பல்கள் ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் செட்டிநாட்டுக்குச் சாமான்கள் வந்து குவிந்தன. பர்மாத் தேக்கு, இத்தாலி சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, சீமைப் பீங்கான். கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்கு மோட்டார் கார் வந்தால் இரண்டு மாதத்தில் எதிர்வீட்டுக்கும் வந்தது. கிராமபோனும் அப்படியே. ஆண்கள் கோட்டுத் தைத்துக்கொண்டார்கள், கிராப்பு வைத்துக்கொண்டார்கள். பெண்கள் உடுப்பு மட்டும் அப்படியே இருந்தது. ரவிக்கை இல்லாமல் கண்டாங்கிச் சேலையைச் சுற்றிக் கட்டுவதுதான் அந்த வீடுகளின் வழக்கம். பிறகு ஓரிரு பெண்கள் கணவனோடு ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார்கள். போனவர்கள் அங்கே மற்றப் பெண்கள் உடுத்துவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

அல்லாபிச்சை, கல்யாணத்துக்கு ஒருமுறை ஊர் வந்துபோனது தவிர, ஏழு வருடம் ரங்கூனில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்துவிட்டு, 1920இல் ஒரு மிஷினோடு ஊர் வந்தவர். 1922இல், ரங்கூன் போய் வந்த காரைக்குடி ஆச்சி ஒருவர், தனக்கு ஏழு ரவிக்கை வேண்டும் என்று ஆள் அனுப்பினார். அல்லாபிச்சைக்கு வெட்டத் தெரியும், தைக்கத் தெரியும். அளவுக்கு என்ன செய்வது? ஆண் தையல்காரர் அந்த வீடுகளில் பெண்கள் புழங்கும் இரண்டாம் கட்டுக்குப் போக முடியாது. பழைய ரவிக்கை ஒன்றைக் கேட்டு வாங்கலாம் என்றால், பழைய ரவிக்கை என்று ஒன்று அங்கே கிடையாது. மனைவியை அனுப்பினார்.

சைதுன் பீவிக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. டேப்பில் உள்ள கோடுகள் அவருக்கு வெறும் கோடுகள். அவர் தானாக ஒரு முறை வைத்துக்கொண்டார். ஒரு பெண்ணுக்கு நான்கு நூல். ஒரு முடிச்சுப் போட்டது மார்பு, இரண்டு முடிச்சு இடுப்பு, மூன்று முடிச்சு கை, முடிச்சில்லாதது கழுத்து. அளவுக்கு அறுத்த நான்கு நூலையும் சேர்த்து, அந்தப் பெண் கட்டியிருக்கும் சேலையின் முந்தானையிலிருந்து நாலைந்து பிசிறு உருவி, அதனால் கட்டிவிடுவார். பிசிறின் நிறத்தைப் பார்த்தால் எந்த நூற்கட்டு யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

"ஒரு வீட்டுல மூணு மீனாச்சி இருப்பாக. பேரை நம்புனா மோசம் போயிருவோம். சேலையை நம்பலாம்" என்பார்.

அடுத்த மூன்று வருடத்தில் கூப்பிட்ட வீடுகளுக்கெல்லாம் வீரணனின் மாட்டு வண்டியில் போய் வந்தார். நாச்சியாபுரம், வலையபட்டி, கானாடுகாத்தான் என்று ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லுவார். "அதுக்கு முந்தி எனக்குத் தெரிஞ்சது ரெண்டு தெரு, ஒரு கெணறு. வண்டியில ஏறி உக்காந்தா எனக்குப் பசிக்கவே பசிக்காது."

அல்லாபிச்சையின் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. தனியாக ஒரு பெண் வண்டி ஏறி ஊர் ஊராகப் போவதாவது என்று தொழுகை முடிந்து வரும்போது தம்பியிடம் கேட்டார். அல்லாபிச்சை வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒரு நிபந்தனை வைத்தார்.

"எந்த வீட்டுலயும் ஒரு சொல்லு வரக்கூடாது. வந்துச்சுன்னா அன்னைக்கோட வண்டி ஏறுறதை நிறுத்திரணும்."

"வராதுங்க."

"வந்தா?"

"நிறுத்திர்றேன்."

இது 1925 ஆடி மாதம். அடுத்த மாதமே கானாடுகாத்தானிலிருந்து ஆள் வந்தது. தேனம்மை ஆச்சி வீட்டில் பேத்தி கல்யாணம். நான்கு மருமகள்களுக்கும் ரவிக்கை வேண்டும்.

ஆகஸ்ட் 26, புதன்கிழமை சைதுன் பீவி போனார். முகப்பில் பெரிய மகன் கிராமபோனில் ஏதோ இங்கிலீஷ் பேண்டு வைத்திருந்தார். ஊதலும் தட்டலுமாக அது இரண்டாம் கட்டு வரை கேட்டது.

தேனம்மை ஆச்சிக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு. கணவர் பர்மாவில் மோல்மீனில் இருந்தார். வீட்டு நிர்வாகம் முழுவதும் ஆச்சியின் இடுப்புச் சாவியில் இருந்தது. "தகரப் பொட்டியை மாடிப்படியில உருட்டிவிட்டாப்புல இருக்கு" என்றார் பாட்டைக் கேட்டு. "இதையும் கப்பல்ல ஏத்தி வரவழைச்சிருக்கான். வாத்தா சைதுனு, உக்காரு. கல்யாணம் பொண்ணுக்கா, ரவுக்கைக்கான்னு எனக்குத் தெரியலை."

மூத்த மருமகள் உமையாள் பதில் சொன்னார். "போட்டா புடிக்கப் பட்டணத்துலருந்து ஆளு வருதுல்ல அயித்தை. ரவுக்கை இல்லாம வந்து நிக்காதீகன்னு உங்க மகன் சொல்லிட்டாக."

"எங்க கல்யாணத்துல யாரும் போட்டா புடிக்கலை. அதனால இவன் பொறக்காமப் போயிட்டானா?"

மருமகள்கள் சிரித்தார்கள். ஆனால் ஆச்சி தடுக்கவில்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மருமகள்களுக்குள் மனத்தாங்கல் வரக்கூடாது என்று சேலை எடுத்தால் ஒரே துணிப் பேலில் ஒரே நிறம், ஒரே கரையில் எல்லோருக்கும் எடுத்துவிடுவார் ஆச்சி. அன்றைக்கு நான்கு பேரும் ஒரே மாதிரி அரக்கு நிறச் சேலையில் வந்து நின்றார்கள். நான்கு நூற்கட்டிலும் ஒரே அரக்குப் பிசிறு. சைதுன் பீவி இதைக் கவனிக்காமல் இல்லை. மூத்தவர் முதல் இளையவர் வரை வரிசையாக அளவெடுத்து, அதே வரிசையில் ஒரு கயிற்றில் கோத்துக்கொண்டார். கடைசி மருமகள் சிகப்பி. பதினேழு வயது, கொடி போல இருப்பார். கல்யாணமாகி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்தபின் ஆச்சி சைதுன் பீவியைச் சாமான் அறைக்குள் கூப்பிட்டார்.

"கதவச் சாத்து. எனக்கும் ஒன்னு அளவெடு."

"ஆச்சிக்கா?"

"ஏன், எனக்குக் கையி இல்லையா?"

சைதுன் பீவி நூலை எடுத்தார். ஆச்சி பெரிய உடம்பு. ஒரு சுற்று வருவதற்குள் நூல்கண்டு பாதியாகிவிட்டது என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பார்.

"போட்டுப் பாக்கணும்னு இருக்கு. பாத்துட்டு உள்ள வச்சிருவேன்" என்றார் ஆச்சி. "இம்புட்டு நாளும் இவளுகளை நையாண்டி பண்ணிட்டு இப்ப நானே தைச்சேன்னு தெரிஞ்சா, நாளைக்கி ஒருத்தியும் என் பேச்சைக் கேக்க மாட்டா. வெளிய சொல்லப்படாது."

"சொல்ல மாட்டேன் ஆச்சி."

"வீட்டுக்காரன்கிட்ட?"

"அவுககிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஆச்சியும் அந்த அரக்குச் சேலையில்தான் இருந்தார். ஐந்தாவது நூற்கட்டிலும் அதே பிசிறு விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் சைதுன் பீவி ஐந்து நூற்கட்டையும் சுவரில் ஐந்து ஆணியில் வரிசையாகத் தொங்கவிட்டார். முதல் நான்கும் மருமகள்கள். கடைசி ஆணி ஆச்சி. "அந்த வீட்டுக்கு அஞ்சு. கடைசி ஆணியில உள்ளதை மட்டும் தனியாக் கட்டிக் குடுங்க" என்று கணவரிடம் சொன்னார். யாருக்கு என்று அவரும் கேட்கவில்லை.

அல்லாபிச்சை துணி வெட்டுவதில் சிக்கனக்காரர். ஒரே துணியில் பல பேருக்கு வெட்டும்போது பெரிய உடம்பை முதலில் வெட்டுவார். மிஞ்சுகிற துண்டில் சின்ன உடம்புக்குக் கை வந்துவிடும். அப்படியே ஐந்து நூற்கட்டையும் எடுத்து, பெரியது முதல் சிறியது வரை வெட்டி, வெட்டிய வரிசையில் திரும்ப ஆணியில் மாட்டினார். ஆச்சியின் கட்டு முதல் ஆணிக்குப் போனது. சிகப்பியின் கட்டு கடைசி ஆணிக்கு வந்தது. மற்ற வீடுகளில் இதனால் ஒன்றும் கெடாது. பிசிறின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். இந்த வீட்டில் ஐந்தும் ஒரே நிறம்.

தைத்ததைக் கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து மடித்து, நான்கை ஒரு காகிதத்திலும் ஒன்றைத் தனியாகவும் கட்டிக் கொடுத்தார். மடிப்புக் கலையும் என்று சைதுன் பீவி பிரித்துப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 7, திங்கட்கிழமை. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. சைதுன் பீவி முதலில் ஆச்சியைப் பார்த்துச் சிறிய பொட்டலத்தைக் கொடுத்தார். ஆச்சி அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு இரண்டாம் கட்டில் மருமகள்கள் பெரிய பொட்டலத்தைப் பிரித்தார்கள். மூன்று பேர் தங்களுக்குச் சரியானதை எடுத்துக்கொண்டார்கள். மீதி இருந்ததைச் சிகப்பி அறைக்குள் போய்ப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். தோள் முழங்கைக்கு வந்திருந்தது.

"இதுல இன்னொரு சிகப்பி உக்காரலாம்" என்றார் உமையாள்.

"மாப்பிள்ளைக்கும் எடமிருக்கு" என்றார் இரண்டாம் மருமகள்.

"நீ யாருக்கு அளவெடுத்த சைதுனு? சமையக்காரப் பெத்தனுக்கா?" என்றார் மூன்றாமவர்.

சிகப்பி சிரிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. அக்காமார் மூன்று பேரும் ரவிக்கையோடு நிற்க, தான் மட்டும் படத்தில் எப்படி நிற்பது என்ற கவலை அவருக்கு.

சைதுன் பீவிக்கு அந்த ரவிக்கையின் கையைப் பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது. சிகப்பியின் ரவிக்கை பூட்டிய அலமாரிக்குள் இருக்கிறது. அதைச் சொன்னால் ஆச்சிக்குக் கொடுத்த வாக்குப் போச்சு. சொல்லாவிட்டால் இந்த வீட்டிலிருந்து ஒரு சொல் வரும், அதோடு வண்டி நிற்கும்.

அதற்குள் ஆச்சி சத்தம் கேட்டு வந்தார். "என்ன கூத்து?"

"என் தப்புத்தான் ஆச்சி" என்றார் சைதுன் பீவி. "நூலு மாறிப்போச்சு. நாளைக்கிச் சின்னதாக்கிக் கொண்டாந்திர்றேன்."

உமையாள் விடவில்லை. "யாரு நூலோட மாறுச்சு? இந்த வீட்டுல நாங்க நாலு பேருதான அளவு குடுத்தோம்?"

"கடையில வேற வீட்டு நூலும் கெடக்கும்ல."

"அப்ப வேற வீட்டு அளவுக்கு எங்க துணிய வெட்டிட்டீகளா? நல்லா இருக்கே. அயித்தை, இதுக்குத்தான் மதுரையில குடுப்போம்னு சொன்னேன். இனிமே இவுக அளவெடுக்க இங்குட்டு வர வேண்டாம்."

எந்தச் சொல் வரக்கூடாது என்று இருந்தாரோ அந்தச் சொல் வந்துவிட்டது. சைதுன் பீவி தலையைக் குனிந்தபடி பெரிய ரவிக்கையை மடிக்க ஆரம்பித்தார்.

ஆச்சி உள்ளே போனார். சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து பிரிக்காத பொட்டலத்தைச் சிகப்பியின் மடியில் போட்டார்.

"போட்டுப் பாரு."

சிகப்பி போட்டுக்கொண்டு வந்தார். கச்சிதமாக இருந்தது. ஆச்சி சைதுன் பீவியின் கையிலிருந்த பெரிய ரவிக்கையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துத் தையலைப் பார்த்தார்.

"கையி எனக்குச் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மருமகள்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உமையாள் மட்டும், "அயித்தை..." என்று இழுத்தார்.

"என்னத்த அயித்தை? பேலுல நானும் ஒரு சேலை எடுத்தேன்ல? சேலை எடுத்தவளுக்கு ரவுக்கை வேண்டாமா? காப்பி போடச் சொல்லு. சைதுனு வெயில்ல வந்திருக்கா."

செப்டம்பர் 10, வியாழக்கிழமை எடுத்த படத்தின் பிரதி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து பேரும் ரவிக்கையோடு இருக்கிறார்கள். ஆச்சி மட்டும் முந்தானையை இழுத்து ஒரு கையை மூடியிருக்கிறார். மறு கை தெரிகிறது.

சைதுன் பீவியின் சிக்கல் அதோடு தீரவில்லை. முற்றத்தில் நின்ற வீரணன் உமையாள் சொன்ன வார்த்தையைக் கேட்டிருந்தார். ஆச்சி பின்னால் சொன்னது அவர் காதில் விழவில்லை. வண்டியை விட்டு இறங்குமுன்பே அவர் அல்லாபிச்சையிடம் சொல்லிவிட்டார்.

"சொல்லு வந்துச்சாமே" என்றார் அல்லாபிச்சை.

"வந்துச்சு. ஆணியில மாட்டுன வரிசையக் கலைச்சது யாரு? பெருசை முதல்ல வெட்டச் சொல்லி நான் சொன்னேனா?"

"துணி மிச்சம் பண்ண வேண்டாமா? அது கெடக்கட்டும், அந்த வீட்டு மருமக நாலு பேருல அம்புட்டுப் பெருசு யாரு?"

சைதுன் பீவி குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். மருமகள்களுக்குத் தெரிந்துவிட்டது, சரி. ஊருக்குத் தெரியலாம் என்று ஆச்சி சொல்லவில்லையே. பெயரைச் சொல்லாததால் நிபந்தனை நிபந்தனையாகவே நின்றது. மூன்று வாரம் அவர் வண்டி ஏறவில்லை. கூப்பிட வந்த இரண்டு வீட்டு ஆட்களை அல்லாபிச்சை திருப்பி அனுப்பினார். செப்டம்பர் மாதப் பக்கத்தில் 7ஆம் தேதிக்குப் பிறகு ஒரு ரவிக்கையும் இல்லை.

செப்டம்பர் 30, புதன்கிழமை ஒரு கடிதம் வந்தது. மேல்விலாசத்தில் 'சைதுன் பீவி அவர்களுக்கு' என்று எழுதியிருந்தது. அந்த வீட்டுக்கு அதுவரை வந்த கடிதம் எதிலும் ஒரு பெண்ணின் பெயர் இருந்ததில்லை. தபால்காரர் சந்தேகப்பட்டு இரண்டு முறை கேட்டுவிட்டுக் கொடுத்தாராம். தேனம்மை ஆச்சி சொல்லச் சொல்ல அவர்கள் வீட்டுக் கணக்கப்பிள்ளை எழுதியது. அல்லாபிச்சை வாசித்தார்.

"சைதுனுக்கு. நாச்சியாபுரத்தில் என் தங்கை வீட்டில் ஏழு பேருக்கு ரவிக்கை வேண்டும். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு எங்கள் வண்டி வரும். அளவெடுக்க நீதான் வர வேண்டும். வாயை அடக்கத் தெரிந்தவள் வந்தால்தான் வீட்டுப் பெண்களுக்கு நிம்மதி என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். தைப்பது யாராயிருந்தாலும் சரி."

அல்லாபிச்சை கடைசி வரியை மறுபடி ஒருமுறை வாசித்தார். "தைக்கிறது யாராயிருந்தாலும் சரியாமா?"

"அப்படித்தான் எழுதியிருக்காகளா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"நீங்கதான் படிச்சீக. எனக்கென்ன தெரியும்?"

அவர் கடிதத்தை மடித்து மனைவி கையில் கொடுத்தார். "வெள்ளிக்கிழமை சீக்கிரம் சாப்பிட்டுக் கெளம்பு" என்றார். நிபந்தனையைப் பற்றி அதன்பிறகு இருவரும் பேசவில்லை. அண்ணன் கேட்டதற்கு, "நம்ம வீட்டுக்கு லெட்டரே வருது" என்று மட்டும் சொன்னாராம்.

அந்த வருடக் கடைசி மூன்று மாதத்தில் மட்டும் எண்பத்தொன்பது ரவிக்கை. 1926இல் இரண்டாவது மிஷின், 1928இல் மூன்றாவது. நோட்டில் கை நீளமும் குறித்திருக்கிறது: 1922இல் ஒன்பது அங்குலம், 1925இல் ஏழு, 1929இல் நாலரை. நாச்சியாபுரத்தில் புதிதாக ஒரு கை வந்தால் அடுத்த வாரம் வலையபட்டியில் கேட்டார்கள். தேனம்மை ஆச்சி மட்டும் கடைசி வரை ஒன்பது அங்குலம்தான். ஒரே நிறச் சேலை கட்டும் வீடுகளுக்கு மட்டும் சைதுன் பீவி ஒரு புது முறை வைத்துக்கொண்டார். பிசிறோடு அந்தப் பெண்ணின் ஒற்றைத் தலைமுடியையும் சேர்த்துக் கட்டினார். நரை, செம்பட்டை, சுருட்டை, நீளம் என்று அதிலேயே ஆள் தெரிந்துவிடும்.

ஆச்சியின் கடிதங்கள் தொடர்ந்து வந்தன. நான்காவது கடிதம் வந்தபின் ஒருநாள் ஆச்சி கேட்டார்: "கழுத்தை ஒரு வெரல்கடை இறக்கி வெட்டுறான், உன் வீட்டுக்காரன்கிட்டச் சொல்லுன்னு எழுதியிருந்தேனே, சொன்னியா?" அல்லாபிச்சை அந்த வரியை மனைவிக்கு வாசித்துக் காட்டவே இல்லை. சைதுன் பீவி அந்த வாரமே தெருக்கோடியில் இருந்த பள்ளிக்கூட டீச்சரம்மாவிடம் எழுத்துக் கற்கப் போனார். 1927 கடைசியில் கடிதம் வாசிக்க வந்துவிட்டது. எண் வந்தும் டேப்பைத் தொடவில்லை. "நூலு பொய் சொல்லாது. மாட்டுற ஆளுதான் பாத்து மாட்டணும்" என்பார், கணவர் காதில் விழும்படி.

1929 கடைசியில் ரங்கூனில் அரிசி விலை இறங்க ஆரம்பித்தது; செட்டிநாட்டார் அங்கே கொடுத்த கடன்கள் திரும்பவில்லை. அடுத்த வருடம் செட்டிநாட்டில் மோட்டார்கள் கொட்டகைக்குள் நின்றன. ரவிக்கை மட்டும் நின்றுவிடவில்லை. எண்ணிக்கை குறைந்தது, அவ்வளவுதான். கைக்காசு குறைந்தது என்று யாரும் ரவிக்கையைக் கழற்றிப் பழையபடி இருக்கவில்லை. சைதுன் பீவி தன் எழுபத்தொன்றாவது வயது வரை அளவெடுத்தார்.

தேனம்மை ஆச்சி 1930 ஏப்ரலில் தூக்கத்திலேயே போனார். அதற்கு முன் எழுதிய கடைசிக் கடிதத்தில் நாலே வரி. அதைச் சைதுன் பீவி யாரையும் வாசிக்கச் சொல்லாமல் அடுப்படியில் உட்கார்ந்து தானே வாசித்தார். "மகன்கள் செலவைக் குறைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். ஆகையால் இந்தத் தடவை ரவிக்கை வேண்டாம். அளவும் வேண்டாம். வண்டி அனுப்புகிறேன், நூலைக் கொண்டுவராமல் சும்மா வந்து ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போ."

போனார், மூன்று நாள் இருந்தார். அந்தக் கடிதம் வந்த தேதி 19-2-1930, புதன்கிழமை.